இடது பக்கம் யாரும் உட்காரக்கூடாது

போன மாதம் அவருக்கு வாட்ஸ்அப்பில், ‘நல்லா இருக்கறீங்ளாண்ணா?’ என்று கேட்டிருந்தேன். நீலக்கோடு விழுந்து வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. ‘நீங்கதான்னு எப்படி நம்பறது?’

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஆள் மாறவே இல்லை. என் முகத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். ‘பழைய போட்டோவா இருக்கும்’ என்றார். அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பிய பிறகுதான், ‘நல்லா இருக்கறனுங்க அம்மிணி’ என்று வந்தது.

இந்த மனிதரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், எதுக்கு எழுதுனீங்க, யாரு எழுதச் சொன்னாங்க என்று அதற்கும் ஒரு விசாரணை வைப்பார். எங்கள் பேண்டின் பெயரும் வேண்டாம். அதைச் சொன்னால் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். எங்கள் மூன்று ஆல்பங்களையும் ஒலிப்பதிவு செய்து கொடுத்தவர் அவர். அதிலும் அந்த மூன்றாவது ஆல்பம் இருக்கிறதே, எங்கள் உயிரையே அதில்தான் வைத்திருந்தோம்.

கேரள எல்லையோரம் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய ஸ்டுடியோ. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் பக்திப் பாட்டு, தேர்தல் ஜீப்புக்கு மைக் அறிவிப்பு, நகைக்கடை விளம்பரம் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. இதுதான் அவருக்குச் சோறு போட்ட தொழில். படி ஏறும்போதே யூரியா வாடை மூக்கைத் துளைக்கும். ராக் பாட்டு பதிவு செய்ய எவனாவது அங்கே போவானா? நாங்கள் போனோம். வேறு எந்த இடமும் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். பாட்டும் கிட்டாரும் நான். பேஸ் கிட்டார் பிரவீண், கல்லூரியில் என்னோடு படித்தவன். டிரம்ஸ் செல்வம், மறையூர்க்காரன். அவன் அப்பாவுக்கு மூணாறு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. செல்வம் மறையூரில் ஏறி உடுமலைப்பேட்டையில் மாறி, பொள்ளாச்சியில் மாறி எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அப்படியும் முதல் நாள் வெறுங்கையோடு வரவில்லை, ஒரு பை வெல்லம் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

அவர் ஒரு உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது மறையூர் வெல்லந்தானுங்ளா? வேற ஊர்ச் சரக்கையெல்லாம் மறையூருன்னு சொல்லி விக்கறாங்களாமா.”

செல்வத்துக்கு முகம் செத்துவிட்டது. “அண்ணாச்சி, எங்க ஊரு ஆலையில அடுப்புப் பக்கத்துல நின்னு நானே வாங்கிட்டு வாரேன். நான் பொய்யா சொல்லுதேன்?”

“நீங்க சொல்லலீங்க. ஆலைக்காரரு சொல்லியிருப்பாரு.”

இப்படித்தான். அவரிடம் எதையும் ஒரு தடவை சொல்லித் தீர்க்க முடியாது. நான் ஒன்று சொன்னால் அதைப் பிரவீணிடம் கேட்பார். பிரவீண் சொன்னதைக் கீழே உரக்கடைப் பையனிடம் கேட்பார். பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரிடம், “பொள்ளாச்சி போவுதுங்ளா?” என்பார். அப்புறம் டிரைவரிடம். உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டில் இருப்பவரிடம். போர்டில் தமிழிலும் மலையாளத்திலும் கொட்டை எழுத்தில் பொள்ளாச்சி என்று எழுதியிருக்கும். ஒருநாள் கண்டக்டர் தாங்க முடியாமல், “ஏனுங்ணா, நேத்து போன ஊருக்குத்தானுங்க இன்னிக்கும் போவுது. ராத்திரியோட ராத்திரி ஊரு எங்கியும் நகுந்துக்கலீங்க” என்றார். பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் கண்டக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரித்தார்.

அந்த வாயைப் பார்க்கிற பழக்கம்தான் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. யார் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், உதட்டைப் பார்ப்பார். பொய் சொல்கிறவர்களுக்கு உதடு துடிக்குமாம், அதைக் கண்டுபிடிக்கிறார் என்று பிரவீண் ஒரு விளக்கம் சொன்னான். எங்கம்மாவுக்கு அந்த விளக்கமெல்லாம் ஆகவில்லை. ஒருநாள் எனக்கு டிபன் கொண்டுவந்தவள், திரும்பிப் போகும்போது என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, “அந்தாளு பார்வையே செரியில்ல கண்ணு. வாயவே பாத்துட்டு நிக்கறான். நீ தனியா இங்க வரப்படாது, ஆமா” என்றாள். நானும் கொஞ்ச நாள் பிரவீண் வந்துவிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். தப்பாக ஒரு வார்த்தை, ஒரு அசைவு அவரிடம் நான் கண்டதில்லை. ஆனாலும் சந்தேகம் என்பது ஒட்டுப்புல் மாதிரி. ஒட்டிக்கொண்டால் நாமாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்டுடியோவில் அவர் உட்காரும் நாற்காலி இடது சுவர்ப் பக்கமாக இருக்கும். அவருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இரும்பு பீரோ. நாங்கள் எல்லோரும் அவருக்கு வலது பக்கம்தான் உட்கார வேண்டும். “எடது பக்கம் யாரும் உக்காரக்கூடாதுங்க. எனக்கு ராசியில்ல.” வாஸ்து பைத்தியம் என்று விட்டுவிட்டோம். செல்வம் மட்டும் விடவில்லை. “வாஸ்துவும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த பீரோவுக்குள்ள என்னமோ வச்சிருக்காரு பாத்துக்க” என்பான்.

பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே இருப்பார். கம்பெனி ஸ்பீக்கரா, டூப்ளிகேட்டா என்று சூடு பார்க்கிறார் என்று அதற்கும் நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். அவர் சந்தேகப்படாத பொருள் அந்த மாடியில் ஒன்றுகூட இல்லை. அதனால் எதற்கும் அந்தக் காரணமே போதுமாக இருந்தது.

இரண்டாவது ஆல்பம் வந்தபோது கேட்டவர்கள் எல்லோரும் ஒரே புகாரைச் சொன்னார்கள். இயர்போனில் கேட்டால் இடது காதில் அடித்துக் கொல்கிறது என்று. என் கிட்டார் முழுக்க இடது பக்கம்தான். எனக்கே கேட்டபோது மண்டை இடித்தது. போய்ச் சொன்னேன்.

“இயர்போன் என்ன கம்பெனிங்க?”

சொன்னேன்.

“அதெல்லாம் இப்ப டூப்ளிகேட் வருதுங்களே.”

“கேட்டவங்க அத்தன பேரு இயர்போனுமா டூப்ளிகேட்டு?”

“இருக்கலாமுங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கத்திவிட்டு வந்தேன். ஆனாலும் மூன்றாவது ஆல்பத்துக்கும் அவரிடமேதான் போனோம். காரணம் ஒன்றுதான். என் குரலை எனக்கே பிடிக்கிற மாதிரி பதிவு செய்யத் தெரிந்தவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

மூன்றாவது ஆல்பத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மேற்கே மழை கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டி எங்கள் பக்கம் வரும்போது வெறும் காற்றாக வருமே, அதைப் பற்றிய பாட்டுகள். மறையூருக்கும் அதே கதை, கொழிஞ்சாம்பாறைக்கும் அதே கதை. செல்வமும் நானும் எங்கள் தோப்பில் உட்கார்ந்து போட்ட மெட்டுகள். இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு, கொச்சியிலிருந்து ஒரு மியூசிக் கம்பெனி ஆள் காரில் வந்து இறங்கினார். நாங்களே வெளியிடுகிறோம், ஊர் ஊராக மேடையும் ஏற்பாடு செய்கிறோம் என்றார். ஒரே நிபந்தனை: வெளியாகும் நாள் வரை ஒரு பாட்டுகூட வெளியே கசியக்கூடாது.

செல்வம் அவன் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தான். “இது தேறலன்னா நான் கத்தாருக்குப் போயிருவேன். மாமா விசாவுக்குச் சொல்லி வச்சிருக்காரு. அப்பாவுக்கும் முடியல. எத்தன நாளைக்கு இப்படிக் குச்சியத் தட்டிக்கிட்டு இருக்கது?” செல்வம் போனால் பேண்ட் இல்லை. எங்கள் மூவருக்கும் அது தெரியும்.

அவரோ ஆல்பத்தை முடித்துக் கொடுக்கவே இல்லை. பதிவெல்லாம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு சத்தத்தையும் ஏற்றி இறக்கிச் சரிபார்க்கும் வேலை மட்டும் பாக்கி. எப்போது போனாலும், “இன்னும் ஒருக்கா கேக்கணுமுங்க” என்பார். பாட்டெல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். காலையில் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். எங்கே போனீர்கள் என்று கேட்டால், “ஏன் கேக்கறீங்க?” கேட்ட நமக்கே நாம்தான் திருடனோ என்று இருக்கும்.

ஒருநாள் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். காய் விற்கிற அக்கா எடை போட்டபடியே முனகினார்.

“அந்தப் பக்கம் மழ பேயுது, இந்தப் பக்கம் நாம காயறோம்…”

என் கை அப்படியே நின்றுவிட்டது. அது எங்கள் ஆல்பத்தின் முதல் பாட்டு. நாங்கள் மூன்று பேர், கம்பெனிக்காரர், அவர். அதைக் கேட்ட காதுகள் இவ்வளவுதான்.

“ஏனுங்க்கா, இந்தப் பாட்ட எங்க கேட்டீங்க?”

“எங்கியோ காதுல உழுந்துச்சு சாமி. வாயில ஒட்டிக்கிச்சு. ஏன், நல்ல பாட்டுத்தான?”

நல்ல பாட்டுத்தான்! என் பாட்டு அது, அக்கா! நான் அங்கே குதிப்பதா, அழுவதா? பையை அங்கேயே வைத்துவிட்டுப் பிரவீணைக் கூப்பிட்டேன்.

செல்வமும் அன்று எங்கள் ஊரில்தான் இருந்தான்; மூன்று பேரும் எங்கள் தோப்பில் கூடினோம். பிரவீண் அவன் காதலிக்கு அனுப்பியிருப்பான் என்றான் செல்வம். செல்வம் எஸ்டேட் லயன் வீட்டில் தங்கைகளுக்குப் போட்டுக் காட்டியிருப்பான் என்றான் பிரவீண். என்னைப் பார்த்து இரண்டு பேரும், “உங்கம்மா?” என்றார்கள். எங்கம்மாவா! ஒரே தட்டில் சாப்பிட்ட மூன்று பேர் ஒருவர் போனை ஒருவர் பிடுங்கிப் பார்த்தோம். கடைசியில் செல்வம்தான் சொன்னான்.

“நம்மள நாமளே ஏன் கொன்னுக்கிடுதோம்? பாட்டு யாரு கழுத்துல தொங்குது? அவரு வித்துட்டாரு பாத்துக்க. நாளைக்கே அந்தப் பென்டிரைவைப் பிடுங்கிட்டு வந்து கொச்சியில குடுத்து முடிப்போம்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊரில் ஒருவரையும் நம்பாத ஆளை நாம் மட்டும் எதற்கு நம்ப வேண்டும்?

அன்று சாயங்காலம் அம்மா பொள்ளாச்சியிலிருந்து ஜவுளிப் பையோடு வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். “காலையில போறப்ப உன்ற பாட்ட பஸ்ஸுல போட்டாங்க கண்ணு! உன்ற கொரலு எனக்குத் தெரியாதா? எனக்கு ஒரே பெருமையாப் போச்சு. ஆனா அந்தாளும் பஸ்ஸுக்குள்ள நின்னுட்டு எல்லாத்து மூஞ்சியவும் மொறச்சு மொறச்சுப் பாக்கறான். என்ன மனுசனோ.”

மறுநாள் காலை துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, அம்மா சொன்ன அந்தத் தனியார் பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினேன். எங்கள் பக்கத்து பஸ்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: எஞ்சின் நன்றாக இருக்கிறதோ இல்லையோ, பாட்டு நன்றாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வரிசையாக ஸ்பீக்கர். பாட்டுக்காக இந்த பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் உண்டு. இந்த பஸ்ஸின் ஸ்பீக்கர் எல்லாம் அவர் பழுது பார்த்துக் கொடுத்தவை.

அவர் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். ஒரு கை கம்பியில். இன்னொரு கை அங்கே இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல். வண்ணாமடை தாண்டியதும் ஒரு பழைய சினிமாப் பாட்டு முடிந்து, எந்த அறிவிப்பும் இல்லாமல் எங்கள் பாட்டு ஆரம்பித்தது. அவர் பயணிகளை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இடது வரிசை, வலது வரிசை, மறுபடி இடது வரிசை. இடது பக்கம் ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் காதைத் தேய்த்துக்கொண்டார். உடனே முன்னால் நின்ற அவர் தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எதையோ குறித்தார்.

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. எழுந்து, ஆட்களை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். அவருக்கு இடது பக்கம் போய் நின்றேன்.

“ஏனுங்ணா! என்ன வேல பண்றீங்க?”

அவர் திரும்பவில்லை.

“உங்களைத்தானுங்க! யாரக் கேட்டு இதப் போட்டீங்க?”

திரும்பவில்லை. நடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, மேடையில் கத்துகிற மாதிரி கத்தினேன். டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பஸ் மொத்தமும் என்னைப் பார்த்தது. அவர் மட்டும் இடது வரிசையைப் பார்த்தபடி, ஏன் எல்லோரும் திடீரென்று இந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று குழம்பிப்போய் நின்றார். முன் சீட்டில் இருந்த அம்மாள்தான் அவர் கையைத் தட்டி, “ஏனுங்க, உங்களத்தான் அந்தப் புள்ள கூப்புடுது” என்றார்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கோபாலபுரம் செக்போஸ்டில் இறங்கினோம். ஒரு இளநீர்க் கடை நிழலில் நின்றோம். என்னை அவருக்கு வலது பக்கமாக நகர்த்தி நிறுத்திக்கொண்டார்.

“இந்தக் காது போயிருச்சுங்க அம்மிணி. ரெண்டாவது ஆல்பம் பண்றப்பவே பாதி போயிருச்சு. இப்பச் சுத்தமா இல்ல. வலதும் முன்ன மாதிரி இல்லீங்க.”

“அதனாலதான் எடது பக்கம் அந்த அடி அடிச்சுதா?”

“எனக்குக் கேக்கல. கேக்கலீன்னு ஏத்தி வெச்சுட்டனுங்க.”

“அதுக்கு பஸ்ஸுல போட்டுப் பாப்பீங்ளா?”

“உங்களக் கேட்டா நல்லாருக்குதுங்கறீங்க. உங்க பாட்டு, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. பஸ்ஸுல இருக்கறவங்களுக்குப் பாட்டு யாரோடதுன்னு தெரியாதுங்களே. எடது வரிசையில மூஞ்சி சுளிச்சாங்கன்னா அந்தப் பக்கம் ஜாஸ்தி. என்ற காதத்தான் நம்ப முடியல, அவுங்க மூஞ்சிய நம்பலாமுங்ளே.”

பஸ் கண்டக்டர், டிரைவர், பக்கத்து சீட்டுக்காரர். உதடு. இரும்பு பீரோ. ஸ்பீக்கர் மேல் வைத்த உள்ளங்கை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தன. இத்தனை வருஷமாக நாங்கள் பார்த்துச் சிரித்த மனிதர் எங்கள் ஒருவரையும் சந்தேகப்படவில்லை. அவர் சந்தேகப்பட்டது அவர் காதை.

“எங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்ணா?”

“சொல்லியிருந்தா இந்த ஆல்பத்த எங்கிட்டக் குடுத்திருப்பீங்ளா?”

பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுத்திருக்க மாட்டனுங்க.”

“அதானுங்க” என்றார். “நீங்க மட்டும் இல்ல. நோம்பிக்காரங்க, கட்சிக்காரங்க ஒருத்தரும் குடுக்க மாட்டாங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க.”

சொல்லவில்லை. பஸ்ஸில் போட்டுச் சோதித்தாராம் என்று மட்டும் மற்ற இருவரிடம் சொன்னேன். “லூசாவே இருக்காரு மனுசன்!” என்று செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். அதற்குள் பஸ்ஸில் போன ஒரு பெண் தன் முகத்தோடு எங்கள் பாட்டைச் சேர்த்து ரீல்ஸ் போட்டிருந்தாள். கொச்சிக்காரருக்கும் அது போய்ச் சேர்ந்தது. போனில் திட்டவில்லை, கத்தவில்லை. “நோக்காம்” என்றார், பார்க்கலாம் என்று அர்த்தம். கேரளத்தில் பிறந்த எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கொச்சிக்காரர் அப்புறம் பார்க்கவே இல்லை. செல்வம் விசாவுக்குச் சரி சொல்லிவிட்டான்.

அவன் கிளம்புவதற்குள் ஆல்பத்தை முடித்து நாமே வெளியிடுவோம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடைசி நாள் மாடிக்குப் போனபோது அந்த இரும்பு பீரோ இடம் மாறியிருந்தது. அவர் நாற்காலிக்கு இடது பக்கம் ஒரு ஸ்டூல்.

“இங்க உக்காருங்க அம்மிணி.”

செல்வம் என்னைப் பார்த்தான், நான் போய் உட்கார்ந்தேன். பாட்டுப் பாட்டாக ஓடவிட்டார். இடது பக்கம் தூக்கலாக இருந்தால் நான் அவர் கையைத் தொடுவேன், குறைப்பார். செல்வமும் பிரவீணும் என்ன நடக்கிறதென்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். கடைசிப் பாட்டு முடிந்தது.

“எடது செரிங்ளா?”

“செரிங்ணா.”

இப்போது பிரவீணைக் கேட்பார், அப்புறம் செல்வத்தை, அப்புறம் கீழே போய் உரக்கடைப் பையனை என்று நான் காத்திருந்தேன். அவர் யார் பக்கமும் திரும்பவில்லை. என் உதட்டைக்கூடப் பார்க்கவில்லை. நேராக மவுஸை நகர்த்தி ஆல்பத்தை முடித்துவிட்டார். பென்டிரைவைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தார்.

செல்வம் கத்தாரில் இருக்கிறான். அவர் ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டு உடுமலைப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அவரால் கம்பெனி போனது, பேண்டும் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அவர் மேல் உயிரும் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தின்னவில்லை.

அந்த ஆல்பத்தை எப்போது கேட்டாலும் எனக்கு ஒரு நமைச்சல். அன்று நான் சொன்னது சரிதானா? இயர்போனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்க்கிறேன். போன வாரம் பொள்ளாச்சி பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இயர்போனை நீட்டி, “எடது பக்கம் ஜாஸ்தியா இருக்குதுங்ளா?” என்று கேட்டேன். இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டுவிட்டு, “இல்லீங்களே, செரியாத்தான் இருக்குது” என்றாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று பின் சீட்டு அக்காவிடமும் கேட்டேன்.